வார்சா அத்தை

போன வாரம் திருத்தணி பேருந்து நிலையத்துக்கு எதிரில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் தன் மகளோடு வந்து பிடித்துக்கொண்டார். பெண்ணுக்கு வார்சாவில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். நீ அங்கே படித்தவளாயிற்றே, போலந்து நாட்டுத் தலைநகரத்தில் இவள் எதைத்தான் சாப்பிடுவாள், எங்கேதான் போவாள், கொஞ்சம் சொல்லேன் என்றார். நான் உற்சாகமாக வாயைத் திறந்தேன்.

"மொதல்ல போய் மயிலப் பாரு கண்ணு. அப்பால சாப்பாடு. டிராம்ல ஆத்தைத் தாண்டி எறங்கினா ஒரு கடை வரும். ஜன்னலாண்ட உக்காரு, அங்கதான் வெயில் வுழும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். வீட்டில் நான் இப்படிப் பேசுகிறவள் இல்லை. குரல் மட்டும்தான் என்னுடையது. மிச்சமெல்லாம் வார்சாவைக் கண்ணால் பார்த்தே இராத ஒருவருடையது. அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்கு என் எண்ணைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் எதிரே வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே நடக்கும்போதுதான், அவரைப் பற்றி எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருவுக்கு அவர் டெய்லர் அக்கா. ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை, ஒரே மெஷின், ஜாக்கெட் மட்டும்தான் தைப்பார். ஆடி மாதம் வந்தால் காவடிக்காரர்களுக்கு மஞ்சள் துணியும் தைப்பார். மெஷின் மேல் நூல்கண்டு டப்பா, டப்பாவில் சாய்த்து வைத்த போன். அந்தப் போனுக்குள் இருந்தவர்களுக்குத்தான் அவர் வார்சா அத்தை. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குப் பையன்கள் சித்தி முறை வைத்து 'பின்னி' என்று கூப்பிடுவார்கள். அவர் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இங்கேயும் அது இல்லாமலே இருக்கட்டும்.

ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவனுக்கு அப்பா இல்லாமல் போய்விட்டார். வார்சாவுக்குப் படிக்கப் போனான். போன முதல் வருடம் தினமும் அம்மாவுக்கு வீடியோ கால். தட்டைக் காட்டுவான், தெருவைக் காட்டுவான், டிராமில் ஏறினால் டிராமைக் காட்டுவான். இவர் மெஷினை மிதித்துக்கொண்டே பார்ப்பார். அப்படிப் பார்த்தே அந்த ஊரை மனப்பாடம் செய்துவிட்டார். எந்த டிராம் எங்கே திரும்பும், எந்தக் கடையில் திங்கட்கிழமை கூட்டம், ஆற்றுப் பாலத்தில் எந்தப் பக்கம் நின்றால் காற்று அடிக்காது, எல்லாம். எங்கள் பக்கத்திலிருந்து யாருக்காவது அங்கே இடம் கிடைத்தால் பெற்றோர் ஒரு ஜாக்கெட் துணியை எடுத்துக்கொண்டு அவர் கடைக்கு வருவார்கள். துணி ஒரு சாக்கு. அளவு கொடுத்துவிட்டு மெல்ல ஆரம்பிப்பார்கள்: எங்க பையன் கூட அங்கதாங்க போறான்.

நானும் அம்மாவின் துணியைத்தான் எடுத்துப் போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எந்தப் பக்கம் ரூமு?"

சொன்னேன். அதுவா, அங்கே சாயங்காலத்துக்கு மேல் கடை கிடையாது, சாமானெல்லாம் முன்னாடியே வாங்கி வைத்துக்கொள் என்றார். பிறகு ஊசியில் நூல் கோத்துக்கொண்டே எனக்குப் போலந்துச் சமையல் பாடம் எடுத்தார். பியெரோகி என்பது கொழுக்கட்டைதான், ஆனால் ஆவியில் வேகாது, தண்ணீரில் வேகும். உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக் கட்டியும் வைத்ததாகப் பார்த்துக் கேட்க வேண்டும். உருளைக்கிழங்கைத் துருவி அடை சுடுவார்கள், அதை நம்பிச் சாப்பிடலாம். கொம்போட் என்று கண்ணாடித் தம்ளரில் தருவது பழம் வேகவைத்த தண்ணீர், முதல் நாள் பிடிக்காது, நான்காம் நாள் நாமே கேட்போம். மோர் அட்டை டப்பாவில் கிடைக்கும். "தாளிக்க மாட்டானுங்க. அதுக்கு இன்னா பண்றது, கடுகு எடுத்துனு போ." மாணவர்கள் மலிவாகச் சாப்பிடுகிற கடைக்கு அங்கே பால் பார் என்று பெயர். "பார்னு சொன்னா ஒங்கப்பா மூஞ்சியத் தூக்குவாரு. பாலும் சூப்பும்தான்னு இப்பவே சொல்லி வையி."

எல்லாவற்றுக்கும் முன்னால் மயில். அந்த ஊரில் பெரிய பூங்கா ஒன்று இருக்கிறது. தண்ணீர் நடுவே பழைய ராஜாவின் அரண்மனை, அதைச் சுற்றி மயில்கள் மனிதர்களுக்கு நடுவில் இஷ்டத்துக்குத் திரியும். போய் இறங்கியவுடன் முதல் வேலையாக அதைப் பார்த்துவிட்டு வந்துதான் மற்றதெல்லாம். எங்கள் மலைக்கோயிலில் முருகனுக்கு முன்னால் நிற்பது யானை வாகனம். அதை வைத்து அவர் ஒரு கதையே கட்டியிருந்தார். "நம்மாளு இங்க யானைய வச்சிக்கினு, மயில அங்க மேய வுட்டுட்டாரு. படிக்கப் போற புள்ளைங்க அம்போன்னு நிக்கக் கூடாதுல்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதில் அவருக்குப் பாதி நம்பிக்கை இருந்தது என்று நினைக்கிறேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யார் எந்தச் சாப்பாட்டைக் காட்டினாலும், ஒரு நிமிடம் தட்டைப் பார்ப்பார், பிறகு "திருப்பிக் காட்டு" என்பார். போனைத் திருப்பி, கடையை ஒரு சுற்று மெதுவாகக் காட்ட வேண்டும். வேகமாகத் திருப்பினால் கோபம் வரும். "எதுக்கு ஓடற? மூஞ்சி தெரியல." அந்தத் தாத்தா யார், தினமும் வருகிறாரா, அந்த மூலையில் தனியாகச் சாப்பிடுகிற பையன் நம் பக்கத்து நிறமாக இருக்கிறானே, எந்த ஊர், கேட்டியா? முதலில் இதை ஊர்வம்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். திருத்தணியில் யார் வீட்டுக்கு யார் வந்தாலும் எட்டிப் பார்க்கிற அதே கண், கொஞ்சம் தூரமாகப் பார்க்கிறது, அவ்வளவுதானே?

விசாவுக்காக நான் காத்திருந்த ஆடி மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கடையில் உட்கார்ந்து மஞ்சள் துணிகளை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. பவன். நகரிப் பையன், எனக்கு ஒரு வருடம் முன்னால் வார்சா போனவன். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை. அவன் வீட்டு வழக்கப்படி விரதம். ஊரை விட்டுப் போனாலும் விரதத்தை விடாதவன். அத்தைதான் அவனுக்கு வழி சொல்லியிருந்தார்: ஜூரெக் என்று ஒரு சூப் உண்டு, கம்பு மாதிரி ஒரு தானியத்து மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது, நம்ம கூழேதான், ஆடிக்கு அதைவிட எது வேணும், தாராளமா குடி.

பையன் குடித்திருக்கிறான். பாதிக் கிண்ணம் காலியானதும் கரண்டியில் வெள்ளையாக ஒரு துண்டு வந்திருக்கிறது. பன்றி இறைச்சி.

போனில் அவன் அழுதுகொண்டே தெலுங்கில் பேசினான். அத்தை தமிழிலேயே பதில் சொன்னார். "கூழ்ல அது எப்பிடி நைனா வரும்?" அவன் கரண்டியைக் காட்டினான். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, போனைக் கையில் எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தினி வாட்டி காட்டினான்," என்றார், பவனிடம் இல்லை, தன் மகனை நினைத்து. "கிண்ணத்த நேரா வச்சி மேலதான் காட்டினான். அடியில இது இருக்குதுன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே."

பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு அவனிடம் சொன்னார். "நீயா எதுவும் செய்யல. நான் சொல்லி நீ செஞ்ச. இந்தப் பாவம் என்னுது. நீ மொகம் கழுவிக்கினு போய் எதுனா பழம் வாங்கி சாப்டு."

மறுநாள் கிருத்திகைக் கூட்டம் வடிந்த உச்சி வெயிலில் அவர் செருப்பில்லாமல் படி ஏறினார். நான் தண்ணீர் பாட்டிலோடு கூடவே போனேன். கல் பழுக்கக் காய்ந்திருந்தது. நான் செருப்பைக் கழற்றவில்லை. மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று, "நகரிக்காரன் வூட்டு சாமி எதுன்னு கேக்காம வந்துட்டேன்," என்று கவலைப்பட்டார். எல்லாம் இதே சாமிதான் அத்தை என்றேன். ஆங், ஆங் என்று மறுபடி ஏறினார்.

மேலே போய் அவர் வெகுநேரம் நின்றது முருகன் முன்னால் இல்லை, யானை முன்னால். எங்கள் கோயில் யானை சாமியைப் பார்த்து நிற்காது, வெளியே பார்த்து நிற்கும். தேவயானைக்குச் சீதனமாக இந்திரன் அனுப்பிய யானை அது. அது போனபின் தேவலோகமே களையிழந்து போனதால், அது தன் உலகத்தைப் பார்த்தபடியாவது நிற்கட்டும் என்று இந்திரன் கேட்டுக்கொண்டானாம். இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அத்தை அன்றைக்கு அதை வேறு மாதிரி சொன்னார். "சாமி வூட்டுக்கே வந்துடுச்சி. இதுக்கு மேல இன்னா வேணும்? இருந்தாலும் பொறந்த வூட்டப் பாத்துகினுதான் நிக்குது பாரு."

எனக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. போகலாம் அத்தை என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

அக்டோபரில் வார்சா போய் இறங்கினேன். போவதற்கு முன் எனக்கு அந்த ஊரின் எல்லாவற்றின்மீதும் ஆசை. இருபது இடம் பார்க்க வேண்டும், மொழியை ஆறே மாதத்தில் பிடித்துவிட வேண்டும், எல்லோரோடும் பேச வேண்டும். போன பிறகு முதல் வாரம் நான் பேசியது கடைக்காரியிடம் 'நன்றி' என்ற ஒரு சொல், அதையும் அவர் புரியாமல் மறுபடி கேட்டார். அறையில் என்னோடு தங்கியவள் நல்லவள்தான், காதில் எதையோ மாட்டிக்கொண்டே வாழ்ந்தாள். அங்கே யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. டிராமில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் பார்வை கண்ணாடிக்குப் போய்விடும். திருத்தணியில் நாலு பேர் உற்றுப் பார்த்தால் எரிச்சல்பட்டவள் நான். அங்கே ஒருவராவது உற்றுப் பார்க்க மாட்டாரா என்றிருந்தது.

சொன்னபடி மயில் பார்க்கப் போனேன். குளிர்ந்த காற்று, மஞ்சள் இலைகள் வழியெங்கும். மயில்கள் இரண்டு ஒரு சுவரோரம் ஒண்டி நின்றன. ஒன்றுக்கும் தோகை இல்லை. போனில் காட்டினேன்.

"தோகையே இல்ல அத்தை."

"கொட்டிட்டிருக்கும். மொளைக்கும்," என்றார். பிறகு, "ஏன் கண்ணு செவந்து இருக்குது? அழுதியா?"

காற்று என்றேன். சரி, திருப்பிக் காட்டு என்றார். காட்டினேன். யாருமில்லாத பூங்கா. அவர் பார்க்கிறார் என்பதற்காகவே அன்றைக்கு அந்த அரண்மனையை முழுக்கச் சுற்றி வந்தேன். போரில் இடிந்த பழைய நகரத்தை அப்படியே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மறுநாள் அதையும் போய்ப் பார்த்துக் காட்டினேன். வீடுகளின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "இந்த பச்ச கலர்ல ஒங்கம்மாக்கு ஒரு ஜாக்கெட் தச்சனே" என்றார். அந்த ஊரில் எனக்கு முதலில் சிரிப்பு வந்த இடம் அது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய நேரம். என் மதியத்தில் திருத்தணியில் சாயங்காலம், மலை ஒலிபெருக்கி போனில் லேசாகக் கேட்கும். எங்கே சாப்பிடுவது என்று அவர்தான் சொல்வார். எனக்கு நானாகத் தேடுகிற ஆசை உண்டே! என் அறைக்குப் பக்கத்திலேயே நல்ல கடை ஒன்றைக் கண்டுபிடித்துப் பெருமையாகச் சொன்னேன். அவருக்கு அதில் சுரத்தே இல்லை. ஆற்றைத் தாண்டி ஒரு பால் பார் உண்டு, எப்போதும் அங்கேயே போ என்பார். டிராமில் அரை மணி நேரம். போய் வரிசையில் நின்று, தட்டை வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைத் திருப்பிக் காட்ட வேண்டும். சில நாள் எரிச்சல் வரும். சுடச்சுட வந்த சூப்பை அஞ்சு நிமிஷம் நிம்மதியாகக் குடிக்கவிட மாட்டாரா என்று போனை மேஜையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். தினமும் காட்டச் சொன்னால் யாருக்குத்தான் மூச்சு முட்டாது என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. வந்ததும், அவர் மகனும் இப்படித்தான் நினைத்திருப்பானோ என்று திடுக்கிட்டேன்.

அவன் இப்போது எங்கே என்று பவனிடம் கேட்டேன். நாங்கள் இரண்டு பேரும் பாலத்தின் மேல் நடந்துகொண்டிருந்தோம், காற்று அடிக்காத பக்கமாக.

அத்தையின் மகனும் பவனும் முன்பு கொஞ்ச நாள் ஒரே அறையில் இருந்தவர்கள். அந்தப் பால் பார் அவர்கள் தெருமுனையில்தான். மகன் அம்மாவோடு பேசுவதை முதலில் வாரத்துக்கு ஒரு நாளாக்கினான், பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு எண்ணை மாற்றிவிட்டான். சண்டை எதுவும் இல்லை என்றான் பவன், அவனுக்குத் தெரிந்தவரை. படிப்பு முடிந்து நெதர்லாந்தில் வேலை கிடைத்துப் போயாயிற்று. நான் வருவதற்கு முன்பே போயாயிற்று.

"அப்ப அத்தை இங்க தேடறது?"

"தேடிக்கினுதான் இருக்காங்க. நாங்க யாரும் சொல்லல. பின்னி திருப்பிக் காட்டுன்னா காட்டுவோம். கூட்டமா இருந்துச்சி, சரியா தெரியலன்னுடுவோம். நீயும் சொல்லாத."

எத்தனை பேர் இப்படி? போன வருடம், அதற்கு முன் வருடம் வந்தவர்கள், புத்தூர்க்காரன், ஆர்.கே.பேட்டைப் பெண்கள் இருவர் என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு அம்மா தையல் மெஷினில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் எல்லோரையும் ஒரு கடைக்குள் அனுப்பி, எங்கள் கண் வழியாகத் தன் பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவன் இல்லாத ஊரில். இதை எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. பவனிடம் சண்டை போட்டேன். சொன்னா பாவம் என்றான் அவன். சொல்லாமல் இருப்பதுதான் பாவம் என்றேன் நான். பாலம் முடிந்துவிட்டது.

அந்த ஞாயிறு பால் பாரில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பனி பெய்யத் தொடங்கியிருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. போனில் மெஷின் சத்தம் கேட்டது. தட்டைக் காட்டினேன், பார்த்தார். திருப்பிக் காட்டு என்றார். ஒரு சுற்று மெதுவாகத் திருப்பினேன். கம்பளித் தொப்பி வைத்த இரண்டு பாட்டிகள், செய்தித்தாளோடு ஒருவர், ஒரு அம்மாவும் குழந்தையும். போனை என் பக்கம் திருப்பினேன்.

"அத்தை, அவர் இங்க இல்ல."

மெஷின் நின்றது. யார் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

"தெரியும் கண்ணு," என்றார். "நெதர்லாந்து போய்ட்டான். சோளிங்கர்ல அவன் பெரியப்பாக்கு போன் பண்ணுவான், அவரு சொன்னாரு. நீ விசாக்கு அலைஞ்சிகினு இருந்தியே, அப்பவே."

"அப்பறம் எதுக்கு அத்தை எங்கள எல்லாம் இங்க அனுப்பினீங்க?"

"அவன் உக்காந்த எடத்துல இப்ப யாரு உக்காந்து சாப்டறாங்கன்னு பாக்கறதுல ஒரு இது." கொஞ்ச நேரம் கையில் இருந்த துணியை நீவினார். "அப்பறம், அவன் இல்லன்னு எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா நீங்கல்லாம் எதுக்கு எனக்கு போன் பண்ணப் போறீங்க? பாவம், புள்ளயத் தேடிகினு இருக்குதுன்னுதானே பண்றீங்க. சரி, தேடறதாவே இருக்கட்டும்னு வுட்டுட்டேன்."

அப்போது நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்று உண்டு. பாவம் பார்த்து இல்லை அத்தை, இந்த ஊரில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க உங்களை விட்டால் ஆள் இல்லை. இவ்வளவுதான். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வந்து நின்று நாற்காலி காலியா என்று அவர்கள் மொழியில் கேட்டார். காலிதான் என்று கையைக் காட்டினேன். நாற்காலியை வேறு மேஜைக்கு எடுத்துப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தை, சூப்பு ஆறுது பாரு, குடி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு அழைத்தேன், எடுக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பவனுக்கும் எடுக்கவில்லை. நீ சொல்லிட்டியா என்று அவன் கேட்டான், ஆமாம் என்றேன். பொங்கலுக்கு அம்மாவிடம் விசாரித்தபோது, கடை பூட்டிக் கிடக்கிறது, பள்ளிப்பட்டில் தங்கச்சி வீட்டோடு போய்விட்டார் என்றாள். தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஆபரேஷனாம், உதவிக்கு ஆள் வேண்டுமாம். சில மாதத்தில் அந்த எண்ணும் உபயோகத்தில் இல்லை என்று சொல்லத் தொடங்கியது.

அதன் பிறகு ஒருமுறை நானும் பவனும் அந்தப் பால் பாருக்குப் போனோம். இரண்டு கிண்ணம் சூப் வந்தது. அவனுடையது பீட்ரூட், என்னுடையது காளான். இரண்டு பேரும் கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தோம். எதற்காகக் காத்திருக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவன்தான் முதலில் குடிக்க ஆரம்பித்தான். வசந்தம் வந்தபோது பூங்காவில் மயிலுக்குத் தோகை முளைத்து, அது அரண்மனைப் படியில் நின்று விரித்து ஆடியது. வெள்ளைக்காரக் கூட்டம் சுற்றி நின்று படம் எடுத்தது. நானும் எடுத்தேன். அம்மாவுக்கு அனுப்பினேன், கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்று பதிலுக்கு வந்தது.

படிப்பை முடித்தேன். மொழியும் ஓரளவு வந்தது. ஊருக்கு வந்து இப்போது இரண்டு மாதமாகிறது. அத்தையின் கடையில் போனுக்கு உறை விற்கிறார்கள். அடுத்த மாதம் எனக்கு வேலை ரிகாவில். லாத்வியா நாட்டின் தலைநகரம், கடலோரம். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே யாரும் போனதாகத் தெரியவில்லை. ஒரு வாரமாக வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆறு இருக்கிறது, டிராம் இருக்கிறது, பெரிய சந்தை இருக்கிறது. எங்கே சாப்பிடுவது, எந்த ஜன்னலோரம் உட்காருவது, முதலில் எதைப் பார்ப்பது என்று ஒன்றும் தெரியாது. அந்த ஊரில் அத்தையின் மகன் இருந்ததும் இல்லை.

டீக்கடையில் அன்றைக்கு என் வாயிலிருந்து அவர் பேசிய பிறகு, பள்ளிப்பட்டில் தறி வைத்திருக்கிற தெரிந்தவர் ஒருவரைப் பிடித்து விசாரித்தேன். தங்கச்சி வீடு பஸ் நிற்கிற இடத்துக்குப் பின் தெருவிலாம். அத்தை அங்கேயும் ஜாக்கெட் தைக்கிறாராம். நாளைக்குக் காலை பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஏறப் போகிறேன். துணியெல்லாம் எடுத்துப் போகப் போவதில்லை. அங்கே போய், எனக்கு ரிகாவில் வேலை அத்தை, அந்த ஊர்ல எங்க சாப்டறது என்று கேட்கப் போகிறேன். அந்த ஊர் எனக்கு இன்னா கண்ணு தெரியும் என்றுதான் முதலில் சொல்வார். எனக்கும் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை மதியானத்துல ரெண்டு பேருமா பாத்துக்கலாம் என்று சொல்லி, புது எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும்.